முப்பத்தோராம் வினா

கஜனி தன் அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது ஜூன் மாதத்து இரண்டாவது புதன்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு. அதற்குப் பிறகும் அவர் அதே வீட்டில்தான் இருந்தார். அன்றைக்கும் அவர்தான் அவளுடைய சப்பாத்துக்கு வெள்ளை பூசினார், தண்ணீர்ப் போத்தலை நிரப்பினார், லயத்தின் கடைசிப் படி வரைக்கும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். படியில் பையை வாங்கிக்கொண்டு "போயிட்டு வாரேன்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவள், மேலதிக வகுப்பும் முடிந்து நான்கு மணிக்குத் திரும்பி வந்தபோது வாசலில் நின்ற அவரைப் பார்க்கவில்லை. மோதவும் இல்லை. ஓடைத் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல அவரைச் சுற்றி வளைந்து உள்ளே போய், பையை வைத்துவிட்டு, அம்மாவிடம் தேத்தண்ணி கேட்டாள்.

ராஜலிங்கத்துக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், வரிசை வீடுகளான ஆறாம் லயத்தில் குடியிருந்தார். மனைவி நிஷாந்தினி கொழுந்து பறித்தாள். அவர் தோட்ட வேலையை விட்டுவிட்டுப் பல்லேகல கிரிக்கெட் மைதானத்தில் சேர்ந்து ஏழு வருடங்கள் ஆகியிருந்தன. மழை வந்தால் ஆடுகளத்தின் மேல் பெரிய தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடுவதும், மழை விட்டால் அதைச் சுருட்டுவதும் அவர் வேலை. மற்ற நாட்களில் புல் வெட்டினார். சர்வதேச ஆட்டம் நடக்கும் நாட்களில் மழை வரவேண்டும் என்று சாமி கும்பிட்டவள் அந்தத் தோட்டத்தில் கஜனி ஒருத்திதான். மழை வந்தால்தான் அப்பா தொலைக்காட்சியில் வருவார். தலையில் ஷொப்பிங் பையைக் கவிழ்த்துக்கொண்டு, படங்கின் இடது மூலையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்தான் தன் அப்பா என்று இரண்டாம் வகுப்பில் எழுந்து நின்று அறிவித்தவள் அவள்.

அந்த வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். பெப்ரவரி மாதத்திலேயே அவர்களுக்குச் சில விஷயங்கள் தெரியாமல் போகத் தொடங்கியிருந்தன. முதலில் போனது வாசலில் நின்ற ஜம்பு மரம். அது காய்த்துக் குலுங்கிய வாரம்; நான்காம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் கல்லெறிந்துகொண்டிருக்க, ஐந்தாம் வகுப்பு மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அடுத்தது பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த ஊற்று. ஏப்ரலில் பாட்டுகள் போயின. காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடும்போது இருபத்தாறு பேரும் வாயை மூடிக்கொண்டு, ஏதோ ஒரு சத்தமில்லாத இடைவேளையைக் கடத்துகிறவர்கள்போல நின்றார்கள். மே மாதத்தில் ஆட்கள். முடிவெட்டுகிறவர் போனார், தப்பு அடிக்கிறவர் போனார், பழைய இரும்பு வாங்க வருகிற லொறிக்காரர் மிஞ்சினார், ஆனால் அவரோடு வருகிற தராசுக்காரர் போனார். தபாற்காரர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்றாலும் பளிச்சென்று தெரிந்தார். பெற்றோர் யாரும் பயப்படவில்லை. பிள்ளை படிப்பில் மூழ்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். வேண்டுதல் பலித்துவிட்டதாகச் சொல்லிக் கோயிலில் தேங்காய் உடைத்தவர்களும் இருந்தார்கள்.

ஐந்தாம் வகுப்பைப் படிப்பித்தவர் பஸ்லினா டீச்சர். மடவளையிலிருந்து காலை ஐந்தே காலுக்குப் புறப்பட்டு, இரண்டு பஸ் மாறி, கடைசி ஒன்றரை மைல் நடந்து வருகிறவர். பதினோரு வருடங்களில் ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. ஆரம்பத்தில் அவர் பிள்ளைகளைத் தேயிலைக்குள் கூட்டிக்கொண்டு போய் அட்டைப்பூச்சியைக் கையில் வைத்து எண்ணச் சொன்னவர், மேகத்துக்குப் பெயர் வைக்கச் சொன்னவர். பிறகு ஒரு ஜனவரியில் கல்வி வலயத்துக் கூட்டத்தில், நகரத்துப் பாடசாலைகளில் இடம் கிடைக்க ஐந்தாம் வகுப்பு எழுதும் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகளை வரைபடமாக்கித் திரையில் காட்டினார்கள். அவருடைய பள்ளிக்கூடத்தின் கோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குக் குட்டை. அதிகாரி கோபப்படவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியை யார், கொஞ்சம் எழும்புங்கள் என்று மட்டும் கேட்டார். எழுந்து நின்ற நேரம் அரை நிமிடம் இருக்கும். அடுத்த வாரம் டீச்சர் பாட நேரசூசியிலிருந்து சித்திரத்தை எடுத்தார், சங்கீதத்தை எடுத்தார், தோட்டப் பாத்தியை எடுத்தார். இருபத்திரண்டு வருடத்து வினாத்தாள்களை வெட்டி, எது எத்தனை தடவை கேட்கப்பட்டது என்று கணக்கெடுத்து, பிஸ்கட் தகரங்களில் பிரித்து வைத்தார். கேட்கப்பட்டதைப் படிப்பித்தார். கேட்கப்படாததைப் பற்றிப் பிள்ளைகள் ஏதும் கேட்டால், தலையைத் தடவி, "அது பேப்பர்ல வராது மகள்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அப்படி அவர் எதைச் சொன்னாரோ அது பொழுது சாய்வதற்குள் இருபத்தாறு பேருக்கும் இல்லாமல் போனது.

அந்தப் புதன்கிழமை காலை கஜனி 'எனது தந்தை' என்று கட்டுரை எழுதியிருந்தாள். படங்கு, மழை, ஷொப்பிங் பை எல்லாம் அதில் இருந்தன. டீச்சர் இரண்டு தடவை வாசித்தார். "நல்லா எழுதீக்கிறீங்க மகள். ஆனா இப்பிடி ஒரு தொழில் பேப்பர்ல வராது. அப்பா ஒரு விவசாயின்னு எழுதுங்க, புள்ளி போடுறவங்களுக்கு லேசு" என்றார். கஜனி அழித்துவிட்டு எழுதினாள்.

முதல் வாரம் ராஜலிங்கம் அதை விளையாட்டு என்று நினைத்தார். இரண்டாம் வாரம் கோபம் என்று நினைத்தார். பெரிய குறிப்பேடு வாங்கித் தருவதாகச் சொல்லி மறந்திருந்தார். அதை வாங்கிவந்து அவள் மடியில் வைத்தார். குறிப்பேட்டை அவள் பார்த்தாள், எடுத்துக்கொண்டாள், அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. அவள் தலையில் கை வைத்தார். கூரையிலிருந்து ஏதோ விழுந்ததுபோல அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைத் துடைத்துக்கொண்டாள். சோற்றுக்கு நிஷாந்தினி மூன்று தட்டு வைத்தால், கஜனி மூன்றாவதைக் கழுவி எடுத்து அடுக்கி வைத்தாள். அப்பா எங்கே என்று ஒரு தடவையாவது கேட்பாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவள் கேட்கவே இல்லை. அதுதான் நிஷாந்தினியைப் பயமுறுத்தியது.

ஜூலை தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லேகலயில் ஓர் ஆட்டம். மூன்றரை மணிக்கு மழை வந்தது. நிஷாந்தினி மகளைப் பிடித்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைத்தாள். திரையில் இருபது முப்பது பேர் குனிந்து ஓடினார்கள். இடது மூலையில் ராஜலிங்கம், தலையில் ஷொப்பிங் பை, காற்றில் பறக்கப் பார்த்த படங்கைக் காலால் மிதித்துக்கொண்டு. "யாரு தெரியுதா?" என்று கேட்டாள். கஜனி சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள். "அந்த மூலை மட்டும் ஆளில்லாம தானா ஓடுதும்மா" என்றாள். பிறகு, அப்படி ஓடுவதற்கு வளியமுக்கம் காரணமாக இருக்கலாம் என்று பரீட்சைக்கு எழுதுவதுபோலச் சொன்னாள்.

மறுநாள் ராஜலிங்கம் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

"டீச்சர், எம்மக என்னைய பாக்க மாட்டேங்குறா."

"கோவமா?"

"கோவம்னா முகத்த திருப்பிக்கணுமே டீச்சர். முகத்த நேரா வச்சிக்கிட்டுப் பாக்க மாட்டேங்குறா."

டீச்சர் அவரை வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போனார். கஜனியை எழுப்பி, என் பக்கத்தில் நிற்பது என்ன என்று கேட்டார். கஜனி பார்த்துவிட்டு, "கதவு, டீச்சர்" என்றாள். மற்ற இருபத்தைந்து பேரும் அதுவே சரியான விடை என்று தலையாட்டினார்கள். டீச்சருக்குப் போன வருடத்துச் சுதர்சினி ஞாபகத்துக்கு வந்தாள். அந்தப் பிள்ளை பரீட்சைக்கு முன் எதிர்ப்பக்கத்து மலையைத் தொலைத்தவள். பரீட்சை முடிந்தால் எல்லாம் திரும்பிவிடும் என்று டீச்சர் நினைத்திருந்தார். பரீட்சை முடிந்தது, சுதர்சினி ஆறாம் வகுப்புக்குப் போனாள், மலை திரும்பவில்லை. இன்றைக்கும் அவள் சித்திரத்தில் அந்த இடத்தில் வானம் தரைவரைக்கும் இறங்கியிருக்கும். பரீட்சைக்கு முன் மீட்காதது பிறகு மீளாது. அந்த வருடத்துப் பரீட்சை ஓகஸ்ட் மாதத்து முதல் ஞாயிறு. ஒரு மாதம்கூட இல்லை.

பேப்பரில் வராததுதான் போகிறதென்றால் பேப்பரில் வரவைத்தால் என்ன என்று யோசித்தவரும் டீச்சர்தான். உண்மையான வினாத்தாளில் கை வைக்க அவரால் முடியாது. ஆனால் வியாழக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாதிரி வினாத்தாள் அவர் தயாரிப்பது. மடவளைச் சந்தியில் போட்டோப் பிரதிக் கடை வைத்திருக்கும் அவர் கணவர் இப்திகார் அச்சடித்துக் கொடுப்பது. பதினேழாம் மாதிரி வினாத்தாளில் டீச்சர் ஜம்பு மரத்தைப் பற்றி ஒரு வினா சேர்த்தார். வெள்ளிக்கிழமை இடைவேளையில் ஐந்தாம் வகுப்பு மரத்தின் மேல் இருந்தது. இரண்டு பேர் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார்கள். டீச்சர் மருந்து போட்டபடி அழுதார்.

பதினெட்டாம் வினாத்தாளில் ஊற்றைச் சேர்த்தார். அது பள்ளிக்கூடத்துக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பது வினா. அவசரத்தில் விடையைக் கிழக்கு என்று சொல்லிவிட்டு, பிறகு கரும்பலகையில் மேற்கு என்று திருத்தினார். பிள்ளைகள் கிழக்குக்குக் கீழே போட்ட கோட்டை அப்படியே விட்டுவிட்டு மேற்குக்குக் கீழேயும் கோடு போட்டார்கள். இரண்டு விடைக்குக் கோடு போட்டால் புள்ளி இல்லை என்பது அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொடுக்கப்பட்டது. மறுநாள் டீச்சர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். அதுவரைக்கும் ஊற்றைச் சுற்றி வளைந்து போன பிள்ளைகள் இப்போது வளையவில்லை. நேராக அதற்குள் நடந்தார்கள். கால்கள் தண்ணீருக்குள் போயின, வெளியே வந்தன. வெள்ளைச் சப்பாத்துகளில் ஒரு சொட்டு ஈரமில்லை. டீச்சர் குனிந்து தன் கையை நனைத்துப் பார்த்தார். தண்ணீர் வழக்கம்போலக் குளிர்ந்துதான் இருந்தது.

ஆகவே பத்தொன்பதாம் வினாத்தாளை அவர் பயந்து பயந்து எழுதினார். முப்பத்தோராம் வினா: 'விளையாட்டு மைதானத்தில் மழை பெய்யும்போது ஆடுகளத்தைப் படங்கினால் மூடுபவர் ராஜலிங்கம். இவர் கஜனிக்கு என்ன முறை? (1) அப்பா (2) பெரியப்பா (3) மாமா.' நான்கு தடவை வாசித்துப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. பிழை விடைப்பட்டியலில் நடந்தது. இப்திகாருக்கு ஒரு வழக்கம்: ஒவ்வொரு வாரமும் புதிய பட்டியல் அடிக்காமல், போன வாரத்துப் பட்டியலைக் கணினியில் திறந்து, இலக்கங்களை மேலால் அடித்து மாற்றுவார். அந்த வாரம் மூன்று கல்யாண அட்டைகள் வேறு. முப்பதாம் இலக்கத்தை மாற்றியதோடு முதல் பக்கம் முடிந்தது; அடுத்த பக்கத்தின் முதல் வரியைத் தாண்டி முப்பத்திரண்டிலிருந்து மாற்றத் தொடங்கிவிட்டார். முப்பத்தொன்றுக்கு எதிரே போன வாரத்து இரண்டு அப்படியே நின்றது.

டீச்சர் பட்டியலை வாசித்துத் திருத்துகிறவர் அல்ல. பட்டியலின்படி, சரியான விடைகள் வருகிற இடத்தில் இப்திகார் மட்டையில் துளை போட்டுக் கொடுப்பார்; அந்த மட்டையை விடைத்தாளின் மேல் வைத்து, துளையில் கோடு தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் பிழை. இருபத்தாறு தாளையும் இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். இருபத்தைந்து பிள்ளைகள் முப்பத்தோராம் வினாவுக்கு ஊகித்துப் பெரியப்பா, மாமா என்று போட்டிருந்தார்கள். அந்த ஆளை யாருக்கும் தெரியாதே. ஒன்றுக்குக் கீழே கோடு போட்டிருந்தவள் கஜனி மட்டும். ஏன் போட்டாள் என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. துளையில் கோடு தெரியவில்லை, சிவப்புப் பேனை குறுக்கே போனது, நாற்பதுக்கு முப்பத்தொன்பது. அவள் அழுதுகொண்டே, வகுப்பின் வழமைப்படி, பிழைத்த வினாவின் சரியான விடையைப் பயிற்சிக் கொப்பியில் பத்துத் தடவை எழுதினாள். ராஜலிங்கம் கஜனியின் பெரியப்பா. ராஜலிங்கம் கஜனியின் பெரியப்பா. பத்தாவது தடவை எழுதும்போது அழுகை நின்றுவிட்டது.

அன்றைக்கு ராஜலிங்கம் மதியத்திலிருந்தே வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டிருந்தார். நாலேகாலுக்குக் கஜனி படியேறி வந்தாள். நின்றாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வாங்க பெரியப்பா! எப்ப வந்தீங்க?"

ஓடிப்போய்க் கதிரையை எடுத்துப் போட்டு, சீருடையின் ஓரத்தால் துடைத்துவிட்டாள். விருந்தாளிகளுக்கென்று அலுமாரியில் வைத்திருந்த பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து, வலது கையால் கொடுத்து, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றாள். அப்பாவுக்கு அவள் ஒருநாளும் அப்படிக் கொடுத்ததில்லை. அவர் குடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கோப்பைக்குள் விழுந்தது. சீனி போதவில்லையா என்று கேட்டாள்.

நிஷாந்தினி மலையிலிருந்து வந்து கூடையை இறக்கியவள் அப்படியே நின்றாள். "அடியே, கிறுக்கச்சி, அது ஒங்கப்பாடி!"

"பிழைம்மா. நான் மொதல்ல ஒன்னுன்னுதான் போட்டேன். டீச்சர் பிழை போட்டுட்டாங்க. பத்துவாட்டி எழுதிட்டேன்" என்று கஜனி பொறுமையாக விளக்கினாள். பிறகு அம்மாவின் காதுக்குள், பெரியப்பா எப்போது வீட்டுக்குப் போவார், ராத்திரிக்கு அவருக்கும் சேர்த்து உலை வைக்கவேண்டுமா என்று கேட்டாள்.

டீச்சருக்கு வெள்ளிக்கிழமை காலையில் விஷயம் தெரிந்தது. அன்று சாயந்திரம் மடவளைக் கடையில் இப்திகாருக்கு முன்னால் மட்டையைப் போட்டார். "முப்பத்தொண்டுக்கு ரெண்டுன்னு யாரு போட்ட?"

"ஒரு புள்ளிதானே, விடுங்களே. அடுத்த கிழம திருத்திப் போடலாம்."

"ஒரு புள்ளக்கி வாப்பா இல்லாமப் போய்ட்டு. புள்ளின்னு செல்றீங்க."

இப்திகார் கல்யாண அட்டைக்கு வந்தவர்களை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினார்.

மறுநாள் சனிக்கிழமை இருவருமாகத் தோட்டத்துக்குப் போனார்கள். மேலதிக வகுப்பின் இடைவேளை; கஜனியை மட்டும் டீச்சர் வகுப்பறையில் உட்கார வைத்திருந்தார். டீச்சர் ராஜலிங்கத்தையும் நிஷாந்தினியையும் ஊற்றுக்கு அழைத்துப்போய், பிள்ளைகள் தண்ணீருக்குள் நடக்கிறதைக் காட்டினார். திருத்தினால் சரியாக வந்தாலும் வரலாம், கஜனி கெட்டிக்காரி, பழைய கோட்டைச் சுத்தமாக அழித்துவிட்டாலும் அழித்துவிடலாம். ஆனால் பத்துத் தடவை எழுதியிருக்கிறாள். இரண்டும் நின்றுவிட்டால் ஊற்றைப் போலத்தான். பிறகு ராஜலிங்கம் அவள் முன்னால் நின்றாலும் அவள் அவருக்குள் நடந்துபோய்விடுவாள். அவளுக்கு ஒன்றும் படாது, அவருக்குத்தான் படும். டீச்சர் இதையெல்லாம் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். இப்திகார் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ராஜலிங்கம் ஒன்று கேட்டார்.

"பெரியப்பான்னா கையப் புடிச்சி பஸ்ஸுல ஏத்தலாமா டீச்சர்?"

"ஏத்தலாம்."

"காய்ச்சல்னா நெத்தியத் தொட்டுப் பாக்கலாமா?"

"பாக்கலாம்."

"அப்ப அது இருக்கட்டும்."

நிஷாந்தினி வெடித்தாள். "இருக்கட்டும்னா? ரேஷன்ல அரிசி கொறையுதுன்னு சொன்ன மாதிரி சொல்றீங்க! பெத்தது யாரு? காக்கா வலிப்பு வந்தப்ப தெல்தெனிய ஆசுபத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனது யாரு? எல்லாத்தயும் இல்லாத ஒரு அண்ணனுக்கு எழுதிக் குடுத்துட்டு நிக்கிறீங்க!" என்று சொல்லித் தலைத்துணியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் ஊற்றிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி அவள் கையில் ஊற்றினார். முகம் கழுவிக்கொள்ளச் சொன்னார்.

அதற்குப் பிறகு பரீட்சைவரைக்கும் ராஜலிங்கம் தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்துபோனார். காலையில் கஜனி எழும்புவதற்கு முன் வெளியே போய், கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வருவார். பொழுது சாய்ந்ததும் "அப்ப நான் வாரேன் புள்ள" என்று சொல்லிக்கொண்டு முன்வாசலால் இறங்கிப் போய், லயத்தைச் சுற்றி, சமையற்கட்டுப் பக்கம் வந்து அவள் தூங்கும்வரை காத்திருப்பார். மலையில் பெண்கள் நிஷாந்தினியை விடவில்லை. "என்னா நிஷா, வீட்டுக்காரரோட அண்ணன் வந்திருக்காராமே, ஆளு எப்படி?" என்று கேட்டார்கள். "தம்பிய விடப் பரவால்ல. சொன்னா கேக்குறாரு" என்று அவள் சொன்னாள். அவளுக்குச் சிரிப்பு வந்த முதல் நாள் அது.

பரீட்சை ஞாயிறன்று பெரியப்பாதான் கஜனியைக் கைபிடித்து பஸ்ஸில் ஏற்றி, நிலையத்துக்கு அழைத்துப் போனார். பரீட்சைச் சுட்டிலக்கத் துண்டை அவள் சட்டையில் ஊசியால் குத்திவிட்டார். வாயிற்கதவுக்கு வெளியே நூறு நூற்றைம்பது பெற்றோர் வெயிலில் நின்றார்கள். அவர்களில் சிலரை அவரவர் பிள்ளைகள் பார்க்காமலேயே உள்ளே போனதை ராஜலிங்கம் கண்டார். அந்த அப்பாக்கள் கையசைத்துக்கொண்டே நின்றார்கள். நெரிசலில் பிள்ளை கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

கஜனிக்கு இருநூறுக்கு நூற்று எழுபத்துநான்கு புள்ளி. தோட்டத்தில் அதுவரைக்கும் யாரும் எடுக்காதது. ஹுன்னஸ்கிரியச் சந்தியில் அவள் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கட்டினார்கள். இப்திகார் அதைக் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தார், எழுத்துகளை மூன்று பேரிடம் வாசித்துக் காட்டிய பிறகு. வலயத்து வரைபடத்தில் பஸ்லினா டீச்சருடைய கோடு உயர்ந்தது, அதிகாரி அவரை மறுபடியும் எழும்பச் சொன்னார், இந்தத் தடவை கை தட்டினார்கள். டீச்சர் சித்திரத்தை நேரசூசியில் திரும்பச் சேர்த்தார், வலயத்திலிருந்து கடிதம் வந்தது, எடுத்தார். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் தங்கள் வீட்டு ஆட்களின் பெயரையும் தொழிலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து அவரிடம் கொடுக்கிறார்கள். சிலர் நாயையும் சேர்க்கிறார்கள். மாதிரி வினாத்தாள்கள் இப்போது தடித்திருக்கின்றன. விடைப்பட்டியலை இப்திகார் கடை வாசலில் நின்று சத்தமாக இரண்டு தடவை வாசிப்பார். சந்தியில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

கண்டியில் ஒரு பெரிய பெண்கள் பாடசாலையில் கஜனிக்கு இடம் கிடைத்தது. விடுதியில் விட்டவர் பெரியப்பா, மாதக் கடைசி வெள்ளிக்கிழமைகளில் வந்து கூட்டிப்போனவரும் பெரியப்பா. தொற்று வந்து எல்லாம் மூடியபோது, ஊரடங்கில் பெரியப்பா தம்பி வீட்டில் மாட்டிக்கொண்டார் என்று ஏற்பாடு. ஐந்து மாதம் அவர் தன் வீட்டிலேயே பகலும் இரவும் இருந்தார். அவளோடு தாயம் விளையாடினார், அவள் தலைக்கு எண்ணெய் வைத்தார், அவள் திட்டினால் வாங்கிக்கொண்டார். அந்தக் குடும்பத்துக்கு அதுபோல நல்ல காலம் வேறு இல்லை என்று நிஷாந்தினி இன்றைக்கும் சொல்வாள்.

ஊரடங்கு எடுத்து விடுதிக்குத் திரும்புகிற நாளன்று, கஜனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் எதையோ யோசித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு முடிந்திருந்தது. தர்க்கத்தில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. உறவுமுறை வினாக்களில் ஒரு புள்ளிகூட விட்டதில்லை, அந்த ஒன்றைத் தவிர.

"பெரியப்பான்னா அப்பாவோட அண்ணன்தானே?"

"ஆமா புள்ள."

"அப்ப அப்பான்னு ஒருத்தர் இருக்கணுமே."

பஸ் தெல்தெனியத் திருப்பத்தில் சாய்ந்தது. ராஜலிங்கம் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்காரு."

"எங்க?"

"வேலைக்குப் போயிருக்காரு. மழையில வேலை."

"எப்படி இருப்பாரு?"

"என்னய மாதிரிதான். கொஞ்சம் கட்டை. கோவம் வராது. நெத்தலி பொரியல்னா உயிரு."

"நல்லவரா?"

ராஜலிங்கம் யோசித்தார். "சுமாரு" என்றார். "மறதி ஜாஸ்தி. ஒனக்கு ஒரு குறிப்பேடு வாங்கித் தாரேன்னு சொல்லி மறந்துட்டாரு. பெறகு வாங்குனாரு."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "பரவால்லன்னு சொல்லுங்க" என்றாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவள் அப்பாவுக்குச் சொல்லவேண்டியதைப் பெரியப்பாவிடம் சொல்லி அனுப்புவாள். பெரியப்பா அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பதில் கொண்டுவருவார். விஞ்ஞானப் பிரிவா வர்த்தகமா என்று கேட்டாள். உனக்கு எது பிடிக்குமோ அதை எடு என்று அப்பா சொன்னார். அப்பாவுக்கு அம்மாவை எப்படித் தெரியும் என்று கேட்டாள். அந்தப் பதிலுக்கு ராஜலிங்கம் ஒரு மாதம் முழுவதும் நிஷாந்தினியிடம் கலந்தாலோசித்தார். ஒரு தடவை அவள் கோபமாக, ஏன் ஒருநாளாவது வந்து பார்க்கவில்லை என்று கேட்டனுப்பினாள். அதற்கு மட்டும் பதில் வர மூன்று மாதமாயிற்று. 'நீ பரீட்சைக்குப் போன அன்றைக்கு வந்தேன், வெளியே வெயிலில் நின்றேன்' என்று அப்பா சொன்னதாகப் பெரியப்பா சொன்னார். கஜனி அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அவளுக்கு இப்போது பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தில் தந்தையின் பெயர் என்ற இடத்திலும் ராஜலிங்கம், பாதுகாவலர் பெயர் என்ற இடத்திலும் ராஜலிங்கம் என்று எழுதினாள். பாடசாலைக் காரியாலயத்தில் இருந்த எழுத்தர் அம்மா கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"அண்ணன் தம்பிங்க" என்றாள் கஜனி. அந்த அம்மா முத்திரை குத்திக் கொடுத்தார்.

விடுதிக் கடையில் வெள்ளிக்கிழமைகளில் பால் டொபி விற்பார்கள். அவள் இரண்டு வாங்கி வைத்திருப்பாள், ஒன்று பெரியப்பாவுக்கு, ஒன்று அப்பாவிடம் கொடுக்க. முதலாவதை ராஜலிங்கம் பஸ்ஸிலேயே அவள் பார்க்கச் சாப்பிட்டுவிடுவார். இரண்டாவதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஹுன்னஸ்கிரியவில் இறங்கி, அவளை வீட்டில் விட்டுவிட்டு, சொல்லிக்கொண்டு வெளியே வந்து, லயத்தின் பின்பக்கச் சுவரில் சாய்ந்துகொண்டு தாளைப் பிரிப்பார். இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே ருசி. இரண்டாவதை அவர் மெதுவாகச் சாப்பிடுவார்.